ஒட்டோவிலிருந்து மெனுவலுக்கு: ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தும் கிளச் பாகங்களைத் தேடுவோருக்கான கேள்வி பதில்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், கைவசம் இருந்த காரைத் திருத்தி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒட்டோ கியர் பழுதான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மெனுவல் கியர் பொக்ஸ் போட முடியுமா என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் விசாரிப்பவர்களுக்கு, கியர் பொக்ஸை விடக் கிளச் பாகங்களே அதிக தலையிடி தருகின்றன. பொருந்தாத பாகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியவர்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

காரின் பெயரையும் ஆண்டையும் சொல்லி ஒரு கிளச் செட் வாங்கினால் போதாதா?

மெனுவலாகவே தொழிற்சாலையை விட்டு வந்த காருக்குப் பெரும்பாலும் போதும். மாற்றம் செய்யப்படும் காருக்குப் போதாது. அதில் எஞ்சின் ஓரிடத்திலிருந்தும் கியர் பொக்ஸ் இன்னோரிடத்திலிருந்தும் வந்திருக்கும். எஞ்சினின் பின்னால் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீல் மூன்றாவது ஒரு காரினுடையதாகவும் இருக்கக்கூடும். கிளச் என்பது ஒரே பொருள் அன்று. கிளச் பிளேட்டின் நடுத்துளை கியர் பொக்ஸின் உள்வரும் தண்டுக்குச் சொந்தமானது. அதன் வெளிவிட்டம் பிளைவீலுக்கும், அதைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் சொந்தமானது. பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் அதை நடுவில் நிறுத்தும் சிறு முளைகளும் பிளைவீலோடு ஒத்துப்போக வேண்டும். பிளைவீல் எஞ்சினின் கிராங்க் தண்டோடும் ஸ்டார்ட்டர் மோட்டாரோடும் ஒத்துப்போக வேண்டும். பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஒரு பக்கம் பிரஷர் பிளேட்டின் விரல்களையும் (நடுவை நோக்கி நீளும் வில்தகட்டு நுனிகள்) மறு பக்கம் கியர் பொக்ஸின் குழாயையும் தன்னை நகர்த்தும் கவையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே, கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது காரின் பெயரை அன்று. எந்த எஞ்சின், எந்த கியர் பொக்ஸ், எந்த பிளைவீல் என்ற மூன்றையும்தான்.

முடிந்தால், ஒரே காரிலிருந்து கழற்றிய முழுத் தொகுதியை வாங்குங்கள்: கியர் பொக்ஸ், பிளைவீல், பழைய கிளச் பிளேட், பிரஷர் பிளேட், கவை, அந்தக் கவையை எண்ணெய் அழுத்தத்தால் நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டர், பெடல், போல்ட்கள் உட்பட. தேய்ந்துபோன பிளேட்டையும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும். அது ஓடுவதற்கு உதவாவிட்டாலும் அளப்பதற்கு உதவும். தனித்தனியாக வாங்கினால் மலிவு என்று தோன்றும் கணக்கு, பெரும்பாலும் இரண்டாவது பொருந்தாத பாகத்தோடு தலைகீழாகிவிடும்.

கிளச் பிளேட்டை எப்படி அளப்பது?

நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது வெளிவிட்டம், இரண்டாவது நடுத்துளையின் பற்களின் எண்ணிக்கை, மூன்றாவது அந்தப் பற்களின் விட்டம், நான்காவது நடுப்பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது. பாடசாலையில் பௌதிகவியல் படித்த எவருக்கும் வேணியர் இடுக்கிமானி புதியதல்ல. சாதாரண அடிக்கோல் இதற்குப் போதாது. பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் விட்டம் வேறாக இருக்கும் தண்டுகள் உண்டு. எனவே, கையில் தண்டு இருந்தால் பிளேட்டை அதில் போட்டுப் பார்ப்பதே இறுதித் தீர்ப்பு: எண்ணெய் இல்லாமலே கையால் தள்ளும்போது வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் சுற்றிப் பார்க்கும்போது ஆட்டம் தெரியக்கூடாது.

நான்காவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுப்பகுதி அதிகமாக நீண்டிருந்தால், அது பிளைவீல் போல்ட்களின் தலையிலோ பிரஷர் பிளேட்டின் விரல்களிலோ உரசும். அப்போது பெடலை முழுவதும் மிதித்தாலும் கியர் விழாது. பிழை ஹைட்ரோலிக்கில் இருக்கிறதென்று எண்ணி, பெடலோடு இணைந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

என் டொயோட்டா காருக்கு ஹையேஸ் வானின் பிளேட் பல்லுக்குச் சரியாக இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். ஒரே நிறுவனத்தின் வாகனங்களில் பல் எண்ணிக்கை ஒத்திருப்பது வியப்பில்லை. ஆனால் டீசல் வானின் பிளேட்டில் உள்ள அதிர்வு தாங்கும் சுருள் வில்கள் மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்காக அமைக்கப்பட்டவை. உயர்ந்த சுழற்சியில் ஓடும் பெற்றோல் எஞ்சினுக்கு அவை பொருந்தா. விட்டமும் நீட்டமும் வேறுபடும். "எல்லாம் ஒரே சைஸ்தான், தம்பி" என்று சொல்பவர் அந்தக் காரை ஓட்டப்போவதில்லை.

ஒரு சிறிய எஞ்சினுக்குப் பெரிய கிளச் போடுவது எப்போதாவது சரிவருமா?

சரிவரும், ஆனால் பிளைவீலோடு சேர்த்து மாற்றும்போது மட்டும். மஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989இல் வந்த 1.6 லீற்றர் எஞ்சினில் 200 மில்லிமீற்றர் கிளச். 1993இல் வந்த 1.8 லீற்றர் எஞ்சினில் 215 மில்லிமீற்றர் கிளச். இரண்டு எஞ்சின்களின் கிராங்க் தண்டிலும் பிளைவீல் போல்ட்கள் ஒரே அமைப்பில் இருப்பதாலும், கியர் தண்டின் பற்கள் ஒன்றாக இருப்பதாலும், 1.8இன் பிளைவீல், பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் ஒன்றாக 1.6இல் பூட்டலாம். பிளைவீலை விட்டுவிட்டு 215 மில்லிமீற்றர் பிரஷர் பிளேட்டை மட்டும் வாங்கிவந்தால், போல்ட் துளைகளே பொருந்தாது.

ஒட்டோ எஞ்சினில் மெனுவல் பிளைவீல் அப்படியே ஏறுமா?

பல எஞ்சின்களில் ஏறும். ஏறாத எஞ்சின்களும் உண்டு என்பதால் முதலில் போல்ட்களை எண்ணுங்கள். மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சினில் 1992 வரை ஆறு போல்ட் கிராங்க் தண்டும் அதன்பின் ஏழு போல்ட் கிராங்க் தண்டும் வந்தன. எஞ்சின் பெயர் ஒன்று, பிளைவீல் வேறு. பெயரை நம்பிப் பணம் கொடுத்தால் பாரமான ஓர் இரும்புத் தட்டு வீட்டில் தங்கிவிடும்.

அடுத்து போல்ட்களின் நீளம். ஒட்டோவில் இருப்பது மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட். அதன் போல்ட்கள் குட்டையானவை. தடித்த பிளைவீலுக்கு அவற்றைப் பயன்படுத்தினால் சில சுற்றுகள் மட்டுமே பிடிக்கும். கிராங்க் தண்டிலிருந்து ஒரு பிளைவீல் கழன்றால், கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கோடு ஓட்டுநரின் காலும் போகும். ஆகையால், மெனுவலுக்குரிய புதிய போல்ட்களை வாங்கி, அந்த எஞ்சினுக்குரிய முறுக்கு அளவில் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம் ஸ்டார்ட்டரின் பற்களோடு பொருந்த வேண்டும். சில கார்களில் ஒட்டோவுக்கும் மெனுவலுக்கும் ஸ்டார்ட்டரே வேறு. எனவே கியர் பொக்ஸோடு ஸ்டார்ட்டரையும் கேட்டுப் பாருங்கள்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 காருக்கு இது இன்னும் சிக்கல் என்கிறார்களே?

ஆம், அதற்குக் காரணம், பிஸ்டன்களுக்குப் பதிலாக ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சினின் சமநிலை. 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட ஆர்எக்ஸ்-8இன் ரோட்டர்கள் சுழலும்போது ஏற்படும் சமமின்மையை ஈடுசெய்ய, எஞ்சினின் பின்புறத்தில் ஓர் எதிர்ப்பாரம் தேவைப்படுகிறது. ஒட்டோ காரில் அந்த எதிர்ப்பாரம் தனிப் பாகம். ஃபிளெக்ஸ் பிளேட் அதன் மேல் பூட்டப்பட்டிருக்கும். மெனுவல் காரின் தொழிற்சாலைப் பிளைவீலில் அந்த எதிர்ப்பாரம் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டுள்ளது. ஆகவே, தொழிற்சாலைப் பிளைவீல் போடுபவர் ஒட்டோவின் எதிர்ப்பாரத்தைக் கழற்றிவிட வேண்டும். சந்தையில் கிடைக்கும் எடை குறைந்த பிளைவீலைப் போடுபவருக்கோ, ஒட்டோவின் எதிர்ப்பாரம் கட்டாயம் தேவை. எதிர்ப்பாரம் ரோட்டர்களின் எடையைப் பொறுத்தது என்பதால், பழைய ஆர்எக்ஸ்-7இன் எதிர்ப்பாரத்தை ஆர்எக்ஸ்-8இல் போடக்கூடாது.

எதிர்ப்பாரத்தை இறுக்கிப் பிடிப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு 54 மில்லிமீற்றர் நட்டு. அதற்குரிய சொக்கெட் ஊர் கராஜ்களில் கிடைப்பது அரிது. லொறி திருத்துமிடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். உளியால் அடித்துக் கழற்ற முனைவது எஞ்சினின் மையத் தண்டையே காவு கொடுப்பதாகும்.

இன்னொன்று: ஜப்பானிய உள்நாட்டு ஆர்எக்ஸ்-8இல் சாதாரண வகைக்கு ஐந்து கியர் பொக்ஸும் டைப் எஸ் வகைக்கு ஆறு கியர் பொக்ஸும் வந்தன. இரண்டுக்கும் ஒரே கிளச் என்று கருதிக்கொண்டு வாங்காமல், கைவசமுள்ள பெட்டியின் தண்டை அளந்தே வாங்குங்கள்.

பழைய பிளைவீலை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாமா?

மேற்பரப்பு தட்டையாக இருந்தால் பயன்படுத்தலாம். சாணை பிடிக்கும் வசதி கிடைத்தால் அது இன்னும் நன்று. நுண்ணிய வெப்ப வெடிப்புகள் ஆழமாக ஓடியிருந்தால் கடைய வேண்டாம். சில பிளைவீல்களில் பிளேட் உரசும் முகமும் பிரஷர் பிளேட் பூட்டப்படும் முகமும் வெவ்வேறு உயரத்தில், ஒரு படிபோல இருக்கும். உரசும் முகத்தை எவ்வளவு எடுக்கிறீர்களோ, மற்ற முகத்தையும் அதேயளவு எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்து, புதிய கிளச்சும் வழுக்கும். உயர்ந்த சுழற்சி எஞ்சின்களின் பிளைவீலை மெலிதாக்கி எடை குறைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஆறு கியர் ஆர்எக்ஸ்-8 நிமிடத்திற்கு 9,000 சுற்றுவரை போகும். வார்ப்பிரும்பு அந்த வேகத்தில் உடைந்தால் எதுவும் தடுக்காது.

தள்ளும் கிளச், இழுக்கும் கிளச் என்று சொல்கிறார்கள். எது எனக்கு உரியது?

கியர் பொக்ஸைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தள்ளும் வகையில் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை எஞ்சின் பக்கம் அழுத்துகிறது. இழுக்கும் வகையில் பேரிங் ஒரு வளையத்தால் விரல்களோடு கொளுவப்பட்டு, அவற்றை கியர் பொக்ஸ் பக்கம் இழுக்கிறது. கவையும் பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பாதி பாதியாகக் கலக்க முடியாது. நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் காரில் முதலில் தள்ளும் வகையும் 1993 பெப்ரவரியிலிருந்து இழுக்கும் வகையும் வந்தன. ஒரே மாதிரிக் காருக்குள்ளேயே இப்படி என்றால், பெயர் எவ்வளவு உதவும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் 4 முதல் 9 வரை இழுக்கும் வகை. இந்த வகையில் கொளுவியை முதலில் விடுவிக்காமல் கியர் பொக்ஸை இழுத்தால் விரல்கள் வளையும். பல பழைய செட்கள் அப்படித்தான் நாசமாகின்றன. வாங்கும்போது விரல்நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பைலட் பேரிங் தேவைதானா?

பின்சக்கர இழுவைக் கார்கள் பெரும்பாலானவற்றில் தேவை. கியர் தண்டின் நுனியைக் கிராங்க் தண்டின் நடுவில் தாங்குவது அதுவே. ஒட்டோ எஞ்சினில் அந்த பேரிங் இருக்காது. துளை மட்டும் இருக்கும். பேரிங்கை வைத்து அளந்து, துளை அதற்குரிய அளவில் கடையப்பட்டிருக்கிறதா என்று எஞ்சின் வெளியே இருக்கும்போதே பாருங்கள். மலிவான பாகம்தான், ஆனால் அதை மறந்துவிட்டால் கியர் பொக்ஸை மறுபடி இறக்க வேண்டும்.

பாக இலக்கத்தை வைத்து எப்படித் தேடுவது?

இதுவே மிகப் பயனுள்ள வழி. ஜப்பானிய நிறுவனங்களின் இலக்கத்தில் ஒரு பகுதி அது என்ன பாகம் என்பதைச் சொல்கிறது. மற்றப் பகுதி எந்த வடிவம் என்பதைச் சொல்கிறது. டொயோட்டாவில் 31250 என்று தொடங்கினால் கிளச் பிளேட், 31210 பிரஷர் பிளேட், 31230 ரிலீஸ் பேரிங், 13405 பிளைவீல். நிசானில் அதே வரிசையில் 30100, 30210, 30502, 12310. ஹொண்டாவில் 22200, 22300, 22810, 22100. மஸ்டாவில் தொடக்க எழுத்துகளுக்குப் பிறகு நடுவே வரும் எண்ணைப் பாருங்கள்: 16-460 பிளேட், 16-410 பிரஷர் பிளேட், 16-510 பேரிங். இரண்டு கார்களின் முழு இலக்கமும் ஒன்றாக இருந்தால் பாகமும் ஒன்றே. அப்படிப் பார்க்கும்போது, விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரின் ரிலீஸ் பேரிங் ஒரு சாதாரண சலூன் காரிலும் இருப்பது தெரியவரலாம். கார் கதவு அல்லது எஞ்சின் அறையில் உள்ள தகட்டின் மாதிரிக் குறியீட்டைக் கொண்டு இலக்கத்தைத் தேடும்போது, மெனுவல் காரின் குறியீட்டை இடுங்கள். உங்கள் ஒட்டோ காரின் குறியீட்டுக்குக் கிளச் பக்கமே வராது.

கிளச் தயாரிக்கும் எக்ஸெடி நிறுவனத்தின் பெட்டிகளில் டொயோட்டா பிளேட்டுக்கு டிவைடி, பிரஷர் பிளேட்டுக்கு டிவைசி என்றும், நிசானுக்கு என்எஸ்டி, என்எஸ்சி என்றும் தொடங்கும். அந்நிறுவனம் 1995 வரை டைக்கின் என்ற பெயரில் இருந்தது. ஆகவே டைக்கின் முத்திரையுள்ள பழைய பாகத்தைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. போலிகள் தாராளமாக உலவுவதும் உண்மைதான். அச்சு மங்கலாகவும் ரிவெட்கள் ஒழுங்கற்றும் இருந்தால், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு எங்கே வாங்குவது?

காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் வான், லொறி, முச்சக்கர வண்டிப் பாகங்களே பெரும்பாலும் ஓடும். ஸ்போர்ட்ஸ் காருக்குரியவற்றைப் பார்ப்பது அரிது. ஆனாலும் ரிலீஸ் பேரிங், சிலிண்டர் ரப்பர், பைலட் பேரிங் போன்றவற்றை அளவு காட்டி இங்கேயே வாங்கலாம். மற்றவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைதான் வழக்கமான இடம். போவதற்கு முன், தொலைபேசியில் படங்கள் கேளுங்கள்: பிளேட்டின் குறுக்கே உருக்கு அடிக்கோல் வைத்து ஒன்று, பற்கள் எண்ணத்தக்கதாக நடுத்துளை ஒன்று, பிரஷர் பிளேட்டில் பொறித்த இலக்கம் ஒன்று, பக்கவாட்டில் நடுப்பகுதியின் நீட்டம் தெரிய ஒன்று. படம் அனுப்பத் தயங்கும் கடையைத் தவிருங்கள். "பொருந்தாவிட்டால் மாற்றித் தருவோம்" என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பஸ்ஸில் பொதியாக அனுப்பச் சொன்னால், பிரஷர் பிளேட் தனிப் பெட்டியில் வரட்டும். பிளைவீலோடு ஒரே சாக்கில் வந்தால் மகாஓயாவைத் தாண்டுவதற்குள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

பந்தயக் கிளச் போட்டால் நல்லதல்லவா?

எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்கும் அளவு போதும். ஒரு கணக்கைப் பாருங்கள்: உராய்வுக் குணகம் 0.3, அழுத்தும் விசை 5,000 நியூட்டன், சராசரி ஆரை 0.1 மீற்றர், இரண்டு உராயும் முகங்கள் என்றால், 0.3 × 5,000 × 0.1 × 2 = 300 நியூட்டன் மீற்றர். ஆறு கியர் ஆர்எக்ஸ்-8இன் உச்ச முறுக்குவிசை 211 நியூட்டன் மீற்றர் அளவே. இந்தக் கிளச் தாராளமாகப் போதும். டொயோட்டாவின் 1ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் 363 நியூட்டன் மீற்றர் தருகிறது. அதில் இதே கிளச் வழுக்கும். எஞ்சினின் உச்ச முறுக்குவிசையை விடக் கிளச் தாங்கும் அளவு கால்பங்கு கூடுதலாக இருந்தால் நல்லது. செராமிக் பொத்தான்கள் உள்ள பிளேட் திடீரெனப் பிடிக்கும். கல்லடிப் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கு அது தண்டனை. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதியில் அடிக்கடி போகிறவர்களுக்கும் நல்ல தரமான சாதாரண பிளேட் போதுமானது.

மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவில் இருக்க வேண்டும்?

கியர் பொக்ஸோடு வந்த ஸ்லேவ் சிலிண்டருக்கு இணையான, அதே காரின் மாஸ்டர் சிலிண்டரே சிறந்தது. 5/8 அங்குல மாஸ்டருக்குப் பதில் 3/4 அங்குல மாஸ்டரைப் போட்டால், ஒரு மிதிக்கு 44 சதவீதம் அதிக எண்ணெய் போகும். பெடலும் அதே விகிதத்தில் கனக்கும், பேரிங் அளவுக்கு மீறி நகர்ந்து விரல்களை வளைக்கவும் கூடும். பிரேக் சிலிண்டர் ஒன்றை வெட்டி ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மின்சுற்றும் பதிவும்?

பார்க், நியூட்ரல் நிலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அனுமதிக்கும் ஒட்டோ சுவிட்சுக்குப் பதிலாகக் கிளச் பெடல் சுவிட்சை இணைக்க வேண்டும். பின்னோக்கு விளக்கின் சுவிட்ச் மெனுவல் பெட்டியிலேயே இருக்கும். பல கார்களுக்கு மெனுவல் கணினிப் பெட்டியும் வேண்டும். எஞ்சினையும் மாற்றினால், பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும்.

மாரி வெள்ளத்தில் கார் நின்றால் கிளச் கெட்டுவிடுமா?

கெடலாம். பெல் ஹவுசிங்குக்குள் புகுந்த நீர் வடிந்தாலும், சில நாட்கள் ஓடாமல் நின்றால் பிளேட் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வாவிக்கரையில் உப்புநீரானால் இன்னும் விரைவு. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த ரீகண்டிஷன் பிளைவீலிலும் துரு இருக்கும். மேலோட்டமான துருவைத் தேய்த்து நீக்கலாம், குழி விழுந்ததைக் கடைந்தே ஆக வேண்டும்.

பெல் ஹவுசிங்கை மூடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலை நோக்க வேண்டும் என்பதை. பிறகு, பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவியோடு பிரஷர் பிளேட்டின் போல்ட்களைக் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பற்களில் பூசும் கிரீஸ் மெல்லிய படலமாகவே இருக்கட்டும். கூடினால் சுழற்சியில் சிதறி உராய்வு முகத்தில் படியும். எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையிலுள்ள முளைகள் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று தொலைந்தாலும் தண்டு கோணலாக நிற்கும். பழைய பிளேட்டின் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். புதிய பிளேட்டை முதல் 500 கிலோமீற்றருக்காவது மென்மையாக ஓட்டிப் பழக்குங்கள்.

கழற்றிய ஒட்டோ பாகங்களை உடனே விற்றுவிடலாமா?

ஒட்டோவில் கிளச்சின் இடத்தில் இருந்த டோர்க் கொன்வேர்ட்டரையும் ஒட்டோ பெட்டியையும், மெனுவல் பெட்டி எல்லாக் கியரிலும் சத்தமின்றி ஓடுவதைப் பார்த்த பின் விற்கலாம். பழைய ஸ்டார்ட்டரையும் அதுவரை வைத்திருங்கள். ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர் எதிர்ப்பாரத்தை மட்டும் விற்க வேண்டாம்; பின்னொரு நாள் எடை குறைந்த பிளைவீல் வாங்க நினைத்தால், முதலில் தேட வேண்டியது அதைத்தான்.